டீசல் ஜீப் என்னும் கொழும்பு மாயை

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் கையில் நாலு காசு சேர்ந்தால் மூன்று காரியங்கள் நடக்கும். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கப்படும். பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும். அதன்பின் வீட்டின் கீழே நிறுத்துவதற்கு ஒரு ஜீப் வரும். வீட்டுக்கு உறுதி பார்க்கச் சட்டத்தரணியிடம் போகிறோம். படிப்புக்குப் பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்கிறோம். ஜீப்புக்கு மாத்திரம் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறோம்: "டீசல்தானே?"

"டீசல்தான்" என்று தரகர் சொன்னவுடன் பேச்சு விலைக்குத் தாவிவிடுகிறது. இந்தப் பதிவு அந்த ஒற்றைக் கேள்விக்கு எதிரானது.

உலகம் எஸ்.யூ.வி. என்று அழைப்பதை நாம் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் ஜீப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அப்படியே சொல்கிறேன். நான் பேசுவது பிராடோ, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, அவுடி கியூ7, லெக்சஸ் ஆர்.எக்ஸ். போன்ற சொகுசு ஜீப்புகளைப் பற்றி. அவற்றிலும் பாவித்த வண்டிகளைப் பற்றி. புதிது வாங்குபவருக்கு உத்தரவாதப் பத்திரம் துணை இருக்கிறது. பாவித்ததை வாங்குபவருக்கு அவருடைய புத்தியைத் தவிர வேறு துணையில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில், ஞாயிறு இதழின் வரிவிளம்பரங்களை நான் செய்திகளுக்குச் சமமான கவனத்தோடு வாசிப்பதுண்டு. ஒரு சமூகம் எதை நம்புகிறது என்பதைத் தலையங்கத்தைவிட வரிவிளம்பரம் நேர்மையாகச் சொல்லும். வாகன விளம்பரங்களில் "டீசல்" என்ற சொல் விலைக்கு முன்னால் நிற்கும். "ஒரே உரிமையாளர்", "வைத்தியர் பாவித்தது" என்பன அதற்குத் துணை நிற்கும். அந்த டீசல் எஞ்சினின் புகைவடிகட்டி இருக்கிறதா, இல்லையா என்று சொன்ன ஒரு விளம்பரத்தைக்கூட நான் கண்டதில்லை. கேட்டு எழுதிய வாசகரையும் கண்டதில்லை.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைப் பேசுவோம். நீங்கள் வாங்கப்போகும் பாவித்த ஜீப்பின் எஞ்சினை யார் தேர்ந்தெடுத்தார்? முதல் உரிமையாளரா? பெரும்பாலும் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தது வர்த்தமானி.

இலங்கையில் வாகன இறக்குமதி வரி, எஞ்சினின் கொள்ளளவையும் எரிபொருள் வகையையும் பொறுத்து ஏறி இறங்குவது. ஒரே கொள்ளளவுள்ள பெற்றோல் வாகனத்தைவிட டீசல் வாகனத்துக்கு வரி அதிகம். கலப்பு மின்வாகனங்களுக்கு ஒரு காலத்தில் பெருஞ்சலுகை இருந்தது. பின்னர் அது மாறியது. இவற்றுக்கு மேலாக, அரசியல்வாதிகளுக்கும் உயர் அரச உத்தியோகத்தர்களுக்கும் வழங்கப்பட்ட தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. அவை கைமாறிய கதையை இந்நாட்டின் ஒவ்வொரு பத்திரிகையும் எழுதியிருக்கிறது. ஆகவே முதலாவது இறக்குமதியாளர் "எந்த எஞ்சின் கொழும்பு வீதிக்கு உகந்தது?" என்று கேட்கவில்லை. "இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எந்த எஞ்சினுக்கு வரி இலாபம்? என் அனுமதிப்பத்திரத்தில் எது அடங்கும்?" என்றே கேட்டார்.

2015இல் சந்தைக்கு வந்த எக்ஸ்5 40இ என்ற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள அந்த ஜீப்புக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சின். கூடவே, சுவரில் செருகி மின்னேற்றும் 9 கிலோவாற்மணி அளவிலான மின்கலம். சிறிய கொள்ளளவு, கலப்பு மின்வாகனம் என்ற இரண்டு பெயர்களாலும் வரிக்கணக்கில் அது இனித்தது. அதே உடலில் மூன்று லீற்றர், ஆறு உருளை டீசல் எஞ்சினும் வந்தது. இரண்டுக்கும் இடையில் எதை எடுப்பது என்பதை ஐரோப்பாவில் ஓட்டுநரின் தேவை தீர்மானித்திருக்கலாம். இங்கே சுங்கப் பட்டியல் தீர்மானித்தது.

இதில் இரண்டாவது உரிமையாளராகிய உங்களுக்கு என்ன? நிறைய இருக்கிறது. முதல் உரிமையாளர் கட்டிய வரியின் ஒரு பங்கைப் பாவித்த விலையில் நீங்களும் கட்டுகிறீர்கள். டீசலுக்கு விதிக்கப்பட்ட கூடுதல் வரி, ஆண்டுகள் கடந்தும் அந்த வண்டியின் விலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுப் பஞ்சத்தில் பழைய ஜீப்புகளின் விலை ஏறிய கதையை நான் சொல்லத் தேவையில்லை. பழைய இரும்பு விலை ஏறியதை அது நல்ல இரும்பு என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். பஞ்சகாலத்து அரிசி விலையை வைத்து அரிசியின் தரத்தை அளப்பதற்கு ஒப்பான காரியம் அது.

அடுத்தது, டீசல் மலிவு என்ற நம்பிக்கை. இதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பஸ்ஸும் லொறியும் டீசலில் ஓடுவதால் அரசாங்கங்கள் டீசல் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தன. 2021 டிசம்பர் இறுதியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் விலைப்பட்டியலில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 177 ரூபா. ஓட்டோ டீசல் 121 ரூபா. ஐம்பத்தாறு ரூபா வித்தியாசம். அந்த வித்தியாசத்திற்குள்தான் நம்முடைய டீசல் பக்தி குடியிருந்தது. ஆறு மாதம் கழித்து, 2022 ஜூன் 26ஆம் திகதி, பெற்றோல் 470, டீசல் 460. ஐம்பத்தாறு பத்தாகச் சுருங்கிற்று. பக்தி மாத்திரம் சுருங்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தரகர்கள் அதைச் சொல்வதேயில்லை. அண்மைக்காலச் சொகுசு டீசல் எஞ்சினுக்கு ஓட்டோ டீசல் உகந்ததல்ல. கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் வேண்டும். அதேபோல டர்போ பூட்டிய சொகுசுப் பெற்றோல் எஞ்சினுக்கு 95 ஒக்ரேன் வேண்டும். நியாயமான ஒப்பீடு இந்த இரண்டுக்கும் இடையில்தான். 2021 டிசம்பரில் 95 ஒக்ரேன் 207 ரூபா, சுப்பர் டீசல் 159 ரூபா. 2025 ஜூலையில் 95 ஒக்ரேன் 341 ரூபா, சுப்பர் டீசல் 325 ரூபா. நாற்பத்தெட்டு ரூபா இடைவெளி பதினாறாகிவிட்டது.

இதை ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் கடை. ஒருவழி ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். ஆண்டுக்கு முந்நூறு நாள் போய் வந்தால் ஆறாயிரம் கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில் டீசல் ஜீப் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றரும், பெற்றோல் ஜீப் ஆறு கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஜூலை விலையில் டீசல் செலவு ஆண்டுக்கு 2,43,750 ரூபா. பெற்றோல் செலவு 3,41,000 ரூபா. மிச்சம் 97,250 ரூபா. மாதத்துக்கு எட்டாயிரம் சொச்சம். இது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் கொட்டிச் சொகுசு ஜீப் வாங்குபவர், மாதம் எட்டாயிரம் ரூபாவைக் காப்பாற்றுவதற்காக எதைப் பணயம் வைக்கிறார் என்பதைத்தான் கேட்கிறேன்.

அவர் பணயம் வைப்பது எஞ்சினை. குறிப்பாக அதன் புகைவடிகட்டியை.

நவீன டீசல் எஞ்சினின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கராஜ்களில் இதை டி.பி.எஃப். என்பார்கள். தேனடைபோன்ற சின்னச் சின்னக் கண்ணறைகளில் கரி தங்கும். நிறைந்தவுடன் எஞ்சின் தானாகவே அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்குப் புகையின் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை ஏற வேண்டும். அந்த வெப்பம் ஏறுவதற்கு வண்டி ஒரே சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ஜேர்மனியின் நெடுஞ்சாலையில் இது தானாக நடக்கும். ஓட்டுபவருக்குத் தெரியவும் மாட்டாது.

இப்போது அதே வண்டியைக் காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியில் நிறுத்திப் பாருங்கள். சவோய் திரையரங்கைக் கடக்கப் பத்து நிமிடம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் ஒரு தவம். புறக்கோட்டையில் கைவண்டிக்குப் பின்னால் ஊர்வலம். ஜம்பட்டா வீதியில் லொறி இறக்கும்வரை காத்திருப்பு. எஞ்சின் கரியை எரிக்கத் தொடங்கும், வெப்பம் ஏறாது, அரைவழியில் வண்டியை நிறுத்தி நீங்கள் கடையைத் திறக்கப் போய்விடுவீர்கள். அடுத்த நாள் மறுபடியும் அதே கதை. எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீச்சப்பட்ட டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கொஞ்ச நாளில் எச்சரிக்கை விளக்கு எரியும். கொஞ்ச மாதத்தில் எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஆமையாக நடக்கும்.

அப்போது நீங்கள் கராஜுக்குப் போவீர்கள். புது வடிகட்டிக்குச் சொல்லும் விலை, மேலே கணக்கிட்ட சேமிப்பின் பல ஆண்டுகளை ஒரே விழுங்கில் விழுங்கக்கூடியது. உங்கள் முகம் வாடுவதைக் கண்ட பாஸ், "ஐயா, அதைக் குடைஞ்சு எடுத்துவிடுவம். கொம்பியூட்டரில ஒரு சின்ன வேலை. விளக்கு எரியாது. வண்டி பறக்கும்" என்பார். வடிகட்டியின் உள்ளீட்டைக் குடைந்தெடுத்து வெற்றுக் குழாயாக்கிவிட்டு, எஞ்சினின் கணினிக்கு "வடிகட்டி இருக்கிறது" என்று பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். வண்டியும் பறக்கும். சில மாதம் கழித்து அதே வண்டி "ஒரே உரிமையாளர், டீசல்" என்று விளம்பரத்தில் வரும். அதை வாங்கப்போவது நீங்கள்.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததும் இதுவே. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பணம். ஐரோப்பியச் சொகுசு ஜீப், மூன்று லீற்றர் டீசல். மயூராபதி அம்மன் கோயிலுக்கும் சந்தைக்கும் மருத்துவரிடமும் போய்வரத்தான் அது வாங்கப்பட்டது. "தம்பி, இது மரம்மாதிரி உழைக்கும்" என்று தரகர் சொன்னாராம். ஓராண்டுக்குள் பீச்சிகள் போயின. ஆராய்ந்தபோது வடிகட்டி இருந்த இடத்தில் வெறும் குழாய்தான் இருந்தது. மகனுக்குச் சொல்லவும் முடியாமல், விற்கவும் மனம் வராமல், அந்த மனிதர் இப்போது முச்சக்கரவண்டியில் கோயிலுக்குப் போகிறார். அந்தப் பணத்தின் பின்னால் எத்தனை இரவுவேலை இருந்தது என்பதைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் பணப் பிரச்சினை என்றால் இத்தனை சூடாக எழுதியிருக்க மாட்டேன். வடிகட்டியைக் குடைந்தெடுத்த ஜீப், தான் விழுங்க வேண்டிய கரியைத் தெருவில் துப்புகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்ற முதலாவது வகுப்பில் 2012 ஜூனில் சேர்த்தது. அந்தப் புகை எங்கே போகிறது? கறுப்புக் கண்ணாடி ஏற்றிக் குளிரூட்டியில் இருப்பவரிடம் அல்ல. பாடசாலை விட்டுக் காலி வீதி ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையிடமும், கொட்டாஞ்சேனை நடைபாதையில் மரக்கறி விற்கும் அம்மாவிடமும் போகிறது. கொழும்பின் வாகனப் புகைக்கு எதிராகச் சட்டத்தரணி லலாநத் டி சில்வா 1998இல் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்து உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. புகைத் தரநிலைகள் வருவதற்கு அவ்வழக்கு வழிவகுத்தது. 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுக்கிறோம். எடுத்து என்ன? டீசல் வண்டியின் புகை எத்தனை கறுப்பு என்று அப்பரிசோதனை பார்க்கிறது. வடிகட்டி அந்த இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார் யாருமில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. ஒவ்வொன்றாக வருகிறேன்.

"பிராடோவுக்கு இதெல்லாம் வராது, அது டொயோட்டா" என்பது முதல் வாதம். 2022 ஏப்ரலில் ஒஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை இவர்கள் வாசிக்க வேண்டும். பிராடோ, ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர் ஆகியவற்றின் டீசல் வண்டிகளில், 2015 முதல் 2020 வரை அங்கு விற்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவற்றில், புகைவடிகட்டித் தொகுதி குறைபாடுடையது என்று அந்நீதிமன்றம் கண்டது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற விவகாரம் 2024 நவம்பரில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அங்கே கோளாறு வெளிப்பட்டது நகர நெரிசலில் அல்ல, நெடுஞ்சாலை வேகத்தில். கொழும்பின் நோய் வேறு. ஆயினும் பாடம் ஒன்றுதான். முத்திரையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. வடிகட்டியைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

"டீசலுக்குத்தான் இழுவிசை" என்பது இரண்டாவது வாதம். உண்மை. நுவரெலியா ஏற்றத்தில், ஆறு பேரும் பொதிகளுமாகப் போகும்போது, டீசலின் இழுவிசை ஒரு வரம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் மலைக்காக முந்நூறு நாளும் நெரிசலில் அதைச் சுமப்பானேன்?

"நாங்கள் மாதம் இருமுறை யாழ்ப்பாணம் போகிறவர்கள்" என்பது மூன்றாவது. இவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு டீசல் பொருந்தும்; அதன் வடிகட்டியும் வழியில் தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் தொழில் வைத்திருப்பவர் டீசல் வாங்கட்டும். வடிகட்டி முழுசாக இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கட்டும். சுப்பர் டீசல் அடிக்கட்டும். நான் எதிர்ப்பது டீசலை அல்ல. பயணத்தை எண்ணாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் மூடத்தனத்தையே எதிர்க்கிறேன்.

அப்படியானால் நகரவாசி எதை வாங்குவது?

வசதி இருந்தால், தானே மின்னேற்றிக்கொள்ளும் கலப்பு மின்வாகனம். லெக்சஸ் ஆர்.எக்ஸ். 450எச், டொயோட்டா ஹரியர் ஹைபிரிட் போன்றவை இந்த இனம். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். ஊர்ந்து போகும்போது மின்மோட்டார் தள்ளும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின் திரும்பி வரும். டீசல் எஞ்சினுக்கு நஞ்சாகிற அதே காலி வீதி இதற்கு உணவு. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலே, மேற்படி ஆறாயிரம் கிலோமீற்றருக்கு 2,04,600 ரூபாதான், டீசலைவிடக் குறைவு. 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் மாத்திரம் கிடைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இருபது லீற்றரில் எட்டுக் கிலோமீற்றர் ஓடும் வண்டி 160 கிலோமீற்றரோடு நிற்கும். பத்து ஓடும் வண்டி 200 கிலோமீற்றர் போகும். பஞ்சம் திரும்பி வராது என்று இந்நாட்டில் யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் செருகி மின்னேற்றும் இனத்தில் எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன எக்ஸ்5 40இ புதிதாக இருந்தபோதே மின்சாரத்தில் மாத்திரம் ஓடக்கூடிய தூரமாக நிறுவனம் சொன்னது அதிகபட்சம் 31 கிலோமீற்றர். பத்தாண்டு கழிந்த மின்கலத்தில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அளந்து பார்த்தே வாங்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி: எங்கே செருகப்போகிறீர்கள்? வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொன்றாக அடைத்து நிறுத்தும் கீழ்த்தளத்தில் உங்களுக்கென்று ஒரு மின்செருகி இருக்கிறதா? இல்லையென்றால், இறந்த மின்கலத்தையும் சுமந்துகொண்டு இரண்டு தொன் வண்டியை இழுக்கும் சின்ன எஞ்சின்தான் உங்கள் பங்கு. சொந்த வளவும் வாசலில் மின்செருகியும் உள்ளவருக்கு அது நல்ல வண்டியாக இருக்கலாம். உங்களுக்கு அல்ல.

கலப்பு மின்வாகனத்துக்குப் பயப்படுபவருக்கு எளிய பெற்றோல் எஞ்சின் இருக்கிறது. அதிகம் குடிக்கும், ஆனால் எதனால் குடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடிக்கும். மாதாமாதம் தெரிகிற செலவு, ஒருநாள் திடீரென்று வந்து விழுகிற செலவைவிட மரியாதையானது.

புலம்பெயர்ந்த உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்பாவுக்கு நல்ல டீசல் ஜீப்பாகப் பாருங்கோ மாமா, காசு நான் அனுப்புறன்" என்று லண்டனிலிருந்து பேசும் மருமகன்மாரைக் கேட்கிறேன்: உங்கள் சொந்த டீசல் வண்டி எங்கே? பிரித்தானியாவில் 2001இல் வாகன வரியைக் கரியமிலவாயுவின் அளவோடு கட்டினார்கள். டீசலுக்கு வரி இலாபம். நாடே டீசலுக்குத் தாவிற்று. 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தூய காற்று வலயம் வந்தது. 2023 ஓகஸ்ட் 29இல் அது லண்டன் முழுவதற்கும் விரிந்தது. யூரோ 6 தரத்துக்குக் கீழ்ப்பட்ட டீசல் வண்டி வீதியில் இறங்கினால் நாளுக்குப் பன்னிரண்டரைப் பவுண். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர்கள் பழைய டீசல் வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அரசு சொல்லித் தேர்ந்தெடுத்த எஞ்சின். அரசு மனம் மாறியபோது நட்டப்பட்டவர் கடைசியாக வாங்கியவர். லண்டனில் உங்கள் பிள்ளைகளின் சுவாசத்துக்கு ஆகாத புகை, வெள்ளவத்தையில் உங்கள் அப்பாவின் சுவாசத்துக்கு மாத்திரம் எப்படி ஆகும்?

இத்தனைக்கும் பிறகு டீசல்தான் வேண்டும் என்பவர், வாங்குமுன் செய்ய வேண்டியவை எளியவை. வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, ஆறியிருக்கும் புகைக்குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் துணி ஏறக்குறையச் சுத்தமாக வரும். கன்னங்கரேலென்று கரி வந்தால் வடிகட்டி இல்லை, அல்லது உடைந்துவிட்டது. எண்ணெய்க் கோலை இழுத்து மோந்து பாருங்கள்; மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் மணம் அடித்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். எஞ்சின் சூடாறிக் கிடக்கும் காலை வேளையில் போய், உங்கள் முன்னால் முதன்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கணினிப் பரிசோதனையைத் தரகர் காட்டும் இடத்தில் செய்யாமல், நீங்கள் தேர்ந்த இடத்தில் செய்யுங்கள். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டையும் இங்கே முதற் பதிவு செய்யப்பட்ட ஆண்டையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றல்ல. கலப்பு மின்வாகனமானால், மின்கலத்தின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தமும் சமமாக இருக்கிறதா என்று அளந்து தரக் கேளுங்கள். விற்பவர் இதில் ஒன்றுக்கு மறுத்தாலும், அந்த மறுப்பே உங்களுக்குரிய பதில்.

அரசிடமும் இரண்டு கோரிக்கைகள். புகைப் பரிசோதனையின்போது, தொழிற்சாலையில் வடிகட்டி பூட்டப்பட்ட டீசல் வாகனத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழில் எழுதுங்கள். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம். ஒரு கைவிளக்கும் குனியும் முதுகும் போதும். அடுத்து, எஞ்சினின் கன சென்ரிமீற்றரை எண்ணி வரி போடும் பழக்கத்தை மீளாய்வு செய்யுங்கள். வண்டி துப்பும் புகைக்கு வரி போட்டால், அதை இறக்குமதி செய்பவர் புகையைப் பற்றி யோசிப்பார். கொள்ளளவுக்கு வரி போட்டால் கொள்ளளவைப் பற்றி மாத்திரமே யோசிப்பார். அவர் யோசிக்காமல் விட்டதன் விலையைப் பத்தாண்டு கழித்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கட்டுகிறார்.

அதுவரைக்கும் காவல் நாமேதான். அடுத்த முறை தரகர் ஒருவர் ஜீப்பின் கதவைத் திறந்து காட்டும்போது, "டீசல்தானே?" என்று கேட்காதீர்கள். "நான் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த வீதியில் ஓடுகிறேன்?" என்று முதலில் உங்களையே கேளுங்கள். பிறகு குனிந்து புகைக்குழாயைப் பாருங்கள். கோடி ரூபா கொடுப்பவர் ஒருமுறை குனிவதில் மானக்குறைவு எதுவுமில்லை.